சைகை மொழிபெயர்ப்பாளர் யாருக்காக வருகிறார்?

காது கேளாத ஒருவர் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ தாலுகா ஆபீசுக்கோ தனியாகப் போனால், அங்கே இருப்பவர்கள் முதலில் கேட்பது, "கூட யாரும் வரலையா?" என்றுதான். ஐம்பது வயதுக்காரரானாலும், சொந்தமாகத் தொழில் நடத்துபவரானாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. அவருக்குக் காது கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவர் பேசும் மொழி தமக்குத் தெரியாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு பேர் பேச வேண்டியிருக்கிறது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நிற்பவர் அந்த இருவருக்கும் வேண்டியவர். நோயாளிக்கு அவர் எவ்வளவு அவசியமோ, டாக்டருக்கும் அவ்வளவு அவசியம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், அவரோடு எப்படிப் பேசுவது, அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது, எங்கே நிற்க வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். இவர்கள் எல்லோரும் சைகை மொழி பேசுபவர்கள் இல்லை. வயதான காலத்தில் கேட்கும் திறன் குறைந்தவர் தமிழிலேயே பேசுவார். அவருக்குக் காதுக்கருவியும் நிதானமாகப் பேசும் ஆட்களும் போதும். பிறவியிலேயோ, பேச்சு வருவதற்கு முன்போ கேட்கும் திறனை இழந்தவர்கள் பலருக்கு, மனம் விட்டுப் பேசும் மொழி சைகை மொழிதான். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கையாலும் முகத்தாலும் பேசும் மொழி

சைகை மொழி என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்குப்படி 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாய்ப்பேச்சு ஆங்கிலம்தான்; ஆனால் அந்த இரண்டு நாட்டுச் சைகை மொழிகளும் வெவ்வேறானவை. நம் நாட்டில் இருப்பது இந்திய சைகை மொழி. 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டாவும் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் டெல்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு நகரங்களில் ஆய்வு செய்தார்கள். வசிஷ்டா இந்தியாவில் பிறந்தவர், அவருக்கும் காது கேளாது. ஊருக்கு ஊர் சில சொற்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒரே மொழிதான் என்பதை அந்த ஆய்வு காட்டியது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் காது கேளாத ஒருவர் அங்குள்ள காது கேளாதவரோடு சீக்கிரமே பேசிப் பழகிவிடுவார். இந்தி தெரியாமல் நாம் திணறுவதுபோல அவர் திணற வேண்டியதில்லை.

இந்த மொழிக்கு இலக்கணம் உண்டு. வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். கேள்விச் சொல்லும் கடைசியில்தான் வரும், "உன் பெயர் என்ன?" என்ற தமிழ் வரிசை அப்படியே பொருந்தும். ஆனால் "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்க வேண்டுமானால், "நீ, போவது, எங்கே" என்று வரிசை மாறும். "ஆமாம்" அல்லது "இல்லை" என்று பதில் வர வேண்டிய கேள்வியானால் புருவம் உயரும். ஒரே சைகையை வெறும் முகத்தோடு செய்தால் ஒரு செய்தி, புருவத்தை உயர்த்திச் செய்தால் கேள்வி, தலையை இடவலமாக ஆட்டிச் செய்தால் மறுப்பு. முகபாவத்தை உணர்ச்சிக்கான அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதை எடுத்துவிட்டால் வாக்கியமே குலைந்துவிடும்.

இவ்வளவு வளமான மொழியை வெகுகாலம் பள்ளிக்கூடங்கள் உள்ளே விடவில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சு முறையில்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் உலகம் முழுவதும் விழுந்தது, இந்தியாவிலும்தான். தமிழ்நாட்டில் காது கேளாதோருக்கான கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. நாடெங்கும் இத்தகைய பள்ளிகள் பலவற்றில் வகுப்பறையில் உதட்டசைவுப் பயிற்சி நடந்தபோது, விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சைகை மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். பெரியவர்கள் தடுத்த மொழியைக் காப்பாற்றி நம் காலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அந்தப் பிள்ளைகள். 1960இல் வில்லியம் ஸ்டோகோ அமெரிக்க சைகை மொழியின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் மொழியியலாளர்கள் சைகை மொழிகளை முழு மொழிகளாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மிலான் தீர்மானங்களை அதே மாநாட்டு வரிசையின் வான்கூவர் கூட்டம் 2010இல்தான் நிராகரித்தது.

எழுதிக் காட்டினால் போதாதா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. நாம் எழுதப் படிக்கும் தமிழ், பேசிக் கேட்ட தமிழின் மேல் கட்டப்பட்டது. "வந்துட்டான்", "வரலை", "வந்திருப்பானோ" என்று ஆயிரம் முறை காதில் விழுந்த பிறகுதான் நாம் முதல் வகுப்புக்கே போகிறோம். காது கேளாத குழந்தைக்கு அந்த அடித்தளம் கிடைப்பதில்லை. அதற்குத் தமிழ் எழுத்து என்பது கேட்டறியாத மொழி ஒன்றின் எழுத்து. நன்றாகப் படித்து எழுதும் காது கேளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீட்டில் எழுதித் தரும் ஒரு வரியில் வேற்றுமை உருபு மாறினால் பொருள் பிடிபடாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினருக்கு அறிவு குறைவு என்று நினைப்பது பெரிய அநியாயம். அவர்களுக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே என்பார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பாலை" என்று சொல்லிப் பாருங்கள், பிறகு "மாலை" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். "பாடம்", "மாடம்" அப்படித்தான். "பத்து", "மத்து" அப்படித்தான். "க" போன்ற எழுத்துகள் தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. எனவே உதட்டைப் பார்ப்பவர் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார். மாத்திரையின் அளவையும் பத்திரத்தின் வாசகத்தையும் ஊகத்தில் விட முடியாது.

மருத்துவர் அறையில் என்ன நடக்கிறது?

காது கேளாத பெண் ஒருவர் சர்க்கரை நோய்க்காக டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். டாக்டர் வழக்கப்படி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "அவங்களுக்குச் சுகர் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுவார்: "டாக்டர், நீங்க அவங்களையே பார்த்துப் பேசுங்க. நான் அப்படியே சைகையில சொல்லிடுறேன்." டாக்டருக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் அவர் நின்றுகொள்வார். அப்போதுதான் அந்தப் பெண்ணால் டாக்டரின் முகத்தையும் சைகையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும்.

இப்போது டாக்டர் சொல்கிறார்: "காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை. ராத்திரி சாப்பிட்ட பிறகு பாதி. தலை சுத்தினா உடனே வாங்க." இதைச் சொல்லுக்குச் சொல் கையில் வைத்தால் குழப்பம்தான். மொழிபெயர்ப்பாளர் முதலில் காலை என்று நேரத்தை நிறுத்துவார். மாத்திரை ஒன்று, அதன் பிறகு சாப்பாடு என்று நடக்கும் வரிசையிலேயே காட்டுவார். அடுத்து ராத்திரி, சாப்பாடு முடிந்தது, பிறகு பாதி மாத்திரை. "தலை சுத்தினா" என்பதில் வரும் "ஆல்" விகுதிக்குத் தனிச் சைகை தேவையில்லை. புருவத்தை உயர்த்தி ஒரு கணம் நிறுத்தினாலே "ஒருவேளை அப்படி நேர்ந்தால்" என்ற பொருள் வந்துவிடும். இதை முடிப்பதற்குள் டாக்டர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். காதால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு, கையால் அதற்கு முந்தியதைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலை.

அந்தப் பெண் தலையை ஆட்டுகிறார். டாக்டர் புரிந்துவிட்டது என்று எண்ணிச் சீட்டைக் கிழிக்கிறார். சைகை மொழியில் பேசும்போது தலையாட்டுவது பல நேரம் "கவனித்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்பதற்கான அடையாளம். "ராத்திரி எவ்வளவு சாப்பிடணும், சொல்லுங்க பார்ப்போம்" என்று டாக்டர் திருப்பிக் கேட்டால்தான் உண்மையில் புரிந்ததா என்று தெரியும். அந்தப் பெண் "நேத்து ராத்திரியிலிருந்து எனக்குக் கால் மரத்துப்போகுது" என்று சைகையில் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தாலும் "எனக்குக் கால் மரத்துப்போகுது" என்றே குரல் கொடுப்பார். "அவங்களுக்கு மரத்துப்போகுதாம்" என்று சொல்லமாட்டார். பேசுபவர் அந்தப் பெண். குரல் மட்டும் மொழிபெயர்ப்பாளருடையது.

செய்வதும் செய்யாததும்

மூன்று கடமைகள் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. முதலாவது, சொன்னதை முழுமையாகச் சொல்வது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருவர் கோபமாகத் திட்டினால் அந்தக் கோபமும் போய்ச் சேர வேண்டும். அறைக்குள் இருவர் தங்களுக்குள் முணுமுணுத்தாலும், போன் மணி அடித்தாலும் அதையும் சொல்ல வேண்டும். காது கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் காது கேளாதவருக்கும் தெரிய வேண்டும். இரண்டாவது, பக்கம் சாயாமல் இருப்பது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று யார் கேட்டாலும் அவர் கருத்துச் சொல்லமாட்டார். மூன்றாவது, இரகசியம் காப்பது. காது கேளாதோர் சமூகம் ஒருவரையொருவர் நன்றாக அறிந்த சிறிய வட்டம். ஒரு குடும்ப வழக்கோ மருத்துவ அறிக்கையோ வெளியே கசிந்தால் அந்த மனிதர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இதனால்தான் வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது தவறு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் பலர் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர்களாக வளர்கிறார்கள். அந்த மொழி அவர்களுக்குத் தாய்மொழி. ஆனால் பத்து வயதுச் சிறுமியிடம் தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையையோ, அப்பாவுக்கு வந்திருக்கும் புற்றுநோயையோ சொல்லி மொழிபெயர்க்கச் சொல்வது அந்தக் குழந்தையின் தோளில் தூக்க முடியாத பாரத்தை ஏற்றுவதாகும். உறவினர் வந்தால் வேறொரு சிக்கல். டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு சொல்றாரு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் தன் உடம்பைப் பற்றிய செய்தியே அந்த மனிதருக்குக் கிடைக்காமல் போகிறது.

இது உடலையும் மூளையையும் ஒருசேரப் பிழியும் வேலை. நீண்ட கூட்டங்களில் இருவராக அமர்ந்து, இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வதுதான் முறை. அதற்கு மேல் ஒருவரே தொடர்ந்தால் தவறுகள் பெருகும். ஓய்வில் இருப்பவரும் சும்மா இருப்பதில்லை. விட்டுப்போன எண்ணையும் பெயரையும் எடுத்துக்கொடுப்பார். பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகைகளை மட்டும் அறிந்த ஒருவர் சாட்சி சொல்ல வந்தால், காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொள்வது நல்ல வழி. அந்தச் சைகைகளின் போக்கை அவர் அளவுக்குக் காது கேட்பவரால் பிடிக்க முடியாது.

தகுதியில்லாதவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2013 டிசம்பர் 10 அன்று பார்த்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவுக்கு நடந்த நினைவஞ்சலியில், உலகத் தலைவர்களின் பக்கத்தில் நின்றவர் பொருளே இல்லாமல் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். மேடையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் காது கேளாத நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிகழ்ச்சி நடக்கும்போதே ட்விட்டரில் எதிர்ப்புத் தெரிவித்தார். மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று அந்த மொழியைப் பேசுபவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் வழியில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, சைகை மொழியைத் தகவல் தொடர்பின் ஒரு வடிவமாக வரையறுக்கிறது. நீதி பெறும் வழிகளிலும் தொலைக்காட்சியிலும் மாற்றுத்திறனாளிகள் விலக்கப்படாதிருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்ல முடியாத ஒருவர் நீதிமன்றத்தில் சைகையில் சாட்சி சொல்லலாம்; அதற்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற வேண்டும், வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் அன்றைய சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான காது கேளாத பெண்கள், குழந்தைகளின் வழக்குகளில் இந்தப் பாதுகாப்பு உயிர்நாடி. தங்களைக் கெடுத்தவன் யார் என்பதை அவர்கள் தங்கள் மொழியில் சொல்ல முடிய வேண்டும்.

2023 செப்டம்பரில் பெங்களூரு வழக்கறிஞர் சாரா சன்னி, காது கேளாத வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் காணொளி வழியே ஆஜரானார். மொழிபெயர்ப்பாளரைத் திரையில் காட்டுவதில் முதலில் தயக்கம் இருந்தது. தலைமை நீதிபதியாக இருந்த சந்திரசூட் அனுமதித்த பிறகு சௌரவ் ராய்சௌத்ரி மொழிபெயர்த்தார். சில நாள்களில் இன்னொரு விசாரணைக்கு நீதிமன்றமே சாராவுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. வழக்காடுபவர் வாதத்தில் கவனம் வைக்கலாம், மொழிக்கான ஏற்பாடு நீதிமன்றத்தின் பொறுப்பு என்ற முன்மாதிரி அது. தாலுகா நீதிமன்றம் வரைக்கும் இந்த நடைமுறை வந்து சேர வேண்டும்.

இந்த வேலைக்கு வருவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இந்திய சைகை மொழிபெயர்ப்புக்கான இரண்டாண்டு டிப்ளமோ படிக்கலாம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு இது. முடித்தவர்கள் கவுன்சிலின் பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். 2015இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும், மும்பையின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இதற்கு முன்னோடிகள். தமிழ்நாட்டில் கோவையில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் சிறப்புக் கல்விப் பிரிவு சைகை மொழிக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. அவர்கள் உருவாக்கிய வீடியோ அகராதி இணையத்தில் இலவசம். டெல்லி மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களை எட்டியது.

அகராதியை மனப்பாடம் செய்து யாரும் மொழிபெயர்ப்பாளராகிவிட முடியாது. காது கேளாதவர்களோடு டீ குடித்து, அவர்களின் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து, அவர்களின் வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்கப் பழகும்போதுதான் மொழி கைக்கு வரும். சைகை மொழியைக் கற்றுத்தரும் தகுதியில் முதலிடம் காது கேளாதவர்களுக்குத்தான். அவர்கள் ஆசிரியராவதற்கென்றே தனி டிப்ளமோ படிப்பு இருக்கிறது. தேவைப்படும் அளவோடு ஒப்பிட்டால் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மிகவும் குறைவு. மாவட்டத் தலைநகரத்திலேயே ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போகிறது. மொழியில் ஆர்வமும் பிறர் பேச்சில் குறுக்கிடாத பொறுமையும் உள்ள இளைஞர்கள் துணிந்து இந்தப் படிப்புக்கு வரலாம்.

நாம் செய்ய வேண்டியவை

காது கேளாதவரைக் கூப்பிட வேண்டுமானால் தோளில் மெல்லத் தட்டுங்கள், அல்லது அவர் பார்வைக்குள் வந்து கையசையுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். கத்த வேண்டாம். கத்தினால் உதட்டசைவு கோணலாகி இருந்த புரிதலும் போய்விடும். "ஊமை", "செவிடு" என்று அழைப்பதை விட்டுவிடுங்கள். "அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது என்ன என்று கேட்டு, இந்தப் பதிலை வாழ்நாள் முழுக்க வாங்கிய வலி அவர்களுக்கு உண்டு.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால், அந்த வீட்டுக்குள் மொழி உடனே வந்தாக வேண்டும். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும் இருப்பதில்லை. காக்ளியர் கருவி பொருத்தினாலும், காதுக்கருவி போட்டாலும், சைகை மொழியையும் சேர்த்துக் கற்கலாம். முதல் ஐந்து வயதுக்குள் ஏதோ ஒரு மொழி முழுமையாகக் கிடைக்காவிட்டால் அந்த இழப்பைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

கூட்டம் நடத்துபவர்களுக்குச் சில குறிப்புகள். பேச்சின் குறிப்புகளையும் ஊர்ப்பெயர், ஆட்பெயர்களையும் முன்னதாகவே மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். பேச்சாளருக்கு அருகில், வெளிச்சத்தில் நிறுத்துங்கள்; படம் காட்ட விளக்கை அணைக்கும்போது அவர்மேல் ஒரு விளக்கு எரியட்டும். முன்வரிசையைக் காது கேளாதவர்களுக்கு ஒதுக்குங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசட்டும். வீடியோவில் வெளியிடுவதானால் கைகளும் முகமும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அவரைப் பெரிதாகக் காட்டுங்கள்.

சேவைதானே என்று இலவசமாக வரச் சொல்லாதீர்கள். படித்துத் தகுதி பெற்று, பொறுப்பேற்றுச் செய்யும் தொழில் இது. ஆள் தெரியாவிட்டால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், அருகிலுள்ள காது கேளாதோர் சங்கத்தில் கேளுங்கள். அடுத்த முறை மைக்செட், நாற்காலி, சாப்பாடு என்று நிகழ்ச்சிக்குச் செலவுப் பட்டியல் போடும்போது, அதில் சைகை மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். காது கேளாதவர் யாராவது வருவார்களா என்று பார்த்துவிட்டு ஏற்பாடு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று அழைப்பிதழில் அச்சிடுங்கள், அவர்கள் வருவார்கள்.